ஏழாம் கட்டத்துச் சாவி

பிளானோ, டெக்சாஸ்
14 ஜூன் 1998, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஞானசீலனுக்கு,

அக்கா ஜெயகுமாரி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே மூவரும் சுகம். நீயும் ரெபெக்காவும் அங்கே சுகம்தானே? புது ஊர், புது உத்தியோகம், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

இதைப் போனில் கேட்கலாமே என்பாய். உன்னிடம் போனில் எதையும் கேட்டு வாங்க முடியாது. "ம்", "சரிக்கா", "பாப்போம்க்கா" என்ற மூன்றை வைத்தே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுவாய். அதுவும் பாதி நாள் ரெபெக்காதான் எடுத்து, "அவங்க குளிக்கிறாங்க மைனி" என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைடா குளிப்பாய்? அப்பா நமக்குப் பழக்கின மாதிரி, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்து கடிதம் எழுது. பேனா பிடித்தால் உனக்கு மழுப்ப வராது.

அத்தானுக்கு பைபாஸ் ஆகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. லெகசி பக்கத்தில் உள்ள பழைய ஆபீசுக்கே போகிறார். கார்கள் பறக்கிற டோல்வேயில் அவரேதான் கார் ஓட்டுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறேன். ஜோவானாவுக்குப் பதினைந்து முடிந்தது. தமிழில் திட்டினால் இங்கிலீஷில் பதில் வருகிறது.

விஷயம் இதுதான். எங்கள் சர்ச்சிலும் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலும் பத்துப் பேர் இந்தியா பார்க்க வேண்டும் என்று அத்தானை அரிக்கிறார்கள். வருகிற நவம்பரில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்ப அவர் தயார். கடல் இருக்க வேண்டும், கூட்டம் கூடாது, வெள்ளைக்காரர்களுக்கு வயிறு கெடக் கூடாது. நீதான் நாட்டுக்கே சுற்றுலா பார்க்கிற ஆபீசர் ஆயிற்றே, எந்த இடம் என்று எழுது.

ரெபெக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கும்,
அக்கா

*

ஐசலின், நியூ ஜெர்சி
28 ஜூன் 1998, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நலம். ரெபெக்கா பக்கத்திலுள்ள ஒரு டேகேரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நான் காலையில் மெட்ரோபார்க்கில் ரயில் பிடித்து நியூயார்க் ஆபீசுக்குப் போகிறேன். அத்தான் கார் ஓட்டுகிறார் என்பதைப் படித்ததும் மனசு குளிர்ந்தது.

என் வேலை என்ன என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன். சுற்றுலாக் கொள்கை எழுதுவது பெரிய காரியமில்லை அக்கா. ஆறு பேர் ஒரு மாதம் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். எழுதினது நடக்கிறதா என்று பார்ப்பதில்தான் சீவன் போகும். நாடு முழுக்க நூற்றுப் பன்னிரண்டு வேலைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை, ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு வரி. அந்த அறிக்கைப் பாரத்தை அமைத்தவனே உன் தம்பிதான். முன்பு "வேலை எந்த நிலையில் உள்ளது?" என்று ஒரு கட்டம் இருக்கும். "முடியும் தறுவாயில்" என்று நாலு வருஷமாக எழுதுவார்கள். நான் அந்தக் கேள்வியையே அடித்துவிட்டு, ஏழாம் கட்டத்தில் "திறப்பு விழா நடந்த தேதி" என்று போட்டேன். தேதி கேட்டால் கதை அளக்க முடியாது அல்லவா? தேதி இருந்தால் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. டெல்லியில் எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். இந்த அமெரிக்கப் போஸ்டிங்கே அதற்குக் கிடைத்ததுதான்.

அந்தப் பாரத்தைப் பார்த்துத்தான் நான் இங்கே விளம்பரத் தாள் அச்சடிக்கிறேன். ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடை, நகைக் கடை, இட்லிக் கடை ஒன்று விடாமல் கல்லா ஓரத்தில் வைத்தாயிற்று. உனக்கும் ஒன்று இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கம் பார், சிப்பிக்கரை. நம் ஜில்லா கடற்கரைதான். புதுசாக இருபது குடில்கள், சுத்தமான சமையல், இருபத்துநாலு மணி நேர மருத்துவ அறை. கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள். நீங்கள் போனால், புதுக் கொள்கையின்படி அமெரிக்காவிலிருந்து போன முதல் குழு என்று என் அரையாண்டு அறிக்கையில் முதல் வரியே நீங்கள்தான்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கு முத்தம்.
உன் தம்பி, ஞானம்

*

பிளானோ
19 ஜூலை 1998, ஞாயிறு

அன்புள்ள ஞானத்துக்கு,

எல்லாரும் சுகம். இங்கே வெயில் நூற்றுப் பத்தைத் தாண்டிவிட்டது. ரோட்டில் தோசை சுடலாம். உங்கள் சுகத்தை எழுது.

விளம்பரத் தாளை அத்தான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படிக்கிறார். சர்ச்சில் காட்டினார், பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். எங்களோடு சேர்த்துப் பதினான்கு.

ஆனால் அவருடைய இருதய டாக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பத்து நிமிஷத்துக்குள் ஒரு டாக்டர் கிடைக்கிற இடமென்றால் மட்டும் போங்கள், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்" என்றார். நான் உன் தாளை எடுத்து மூன்றாம் பக்கத்தை நீட்டினேன். மருத்துவ அறை என்ற வரியைப் படித்துவிட்டு, "யார் அச்சிட்டது?" என்று கேட்டார். "என் தம்பி" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆகையால் எனக்கு மூன்று விவரம் வேண்டும். அங்கே இருக்கிற டாக்டரின் பெயர் என்ன? ஆக்சிஜன் உண்டா? அந்த அறையின் போன் நம்பர் என்ன? நர்ஸ் புத்தி, கேட்டு வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். சீக்கிரம் எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும்.

உங்களை ஜெபத்தில் தாங்கும்,
அக்கா

*

ஐசலின்
6 செப்டம்பர் 1998, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆகஸ்டில் இந்தியா டே பரேடு வந்தது. அதற்குக் கடை போட்டது, தாள் கொடுத்தது என்று ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை.

ரெபெக்காவுக்கு டேகேரில் நல்ல பெயர். பிள்ளைகள் "பெக்கி ஆன்ட்டி" என்று காலைக் கட்டிக்கொள்கின்றன. இந்த டிசம்பரோடு என் போஸ்டிங்கை மறுபடி பரிசீலிப்பார்கள். நீட்டித்தால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம்.

பயணத்தைப் பற்றி யோசித்தேன். நவம்பரில் நம் பக்கம் மழை கொட்டும். அதற்குப் பதிலாக மார்ச்சில் போகலாமே? அல்லது கடல்தான் வேண்டும் என்றில்லாவிட்டால் கொடைக்கானல் இருக்கிறது, ஊருக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரிகளும் உண்டு. அத்தானுக்குக் குளிர்ந்த இடம்தான் ஆகும் என்று தோன்றுகிறது.

நீ கேட்டதற்கு: பாரத்தின்படி சிப்பிக்கரை மருத்துவ அறை 14 நவம்பர் 1997 அன்று திறந்துவைக்கப்பட்டது.

மற்றவை பிறகு. அத்தானுக்கும் ஜோவானாவுக்கும் அன்பு.
ஞானம்

*

பிளானோ
4 அக்டோபர் 1998, ஞாயிறு

அன்புள்ள ஞானத்துக்கு,

எல்லாரும் சுகமே. ரெபெக்காவைக் கேட்டதாகச் சொல்.

நான் கேட்டது மூன்று விவரம். நீ கொடுத்தது ஒரு தேதி. டாக்டர் பெயர் கேட்டால் திறப்பு விழா தேதி சொல்லுகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான். உன் கடிதத்தை ஜோவானாவுக்குப் படித்துக் காட்டினேன். "மாம், மாமா இஸ் பீயிங் வியர்ட்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று அதட்டிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவை போன் பண்ணினேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய்.

அத்தானிடம் மார்ச் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏட்டி, பதினோரு பேரு லீவு போட்டாச்சு. இனிமே மாத்துனா நம்மள என்ன நெனைப்பாவ?" என்கிறார். நான் மருத்துவ அறையைப் பற்றி இழுத்தேன். அவர் விளம்பரத் தாளை எடுத்து ஒரு தட்டு தட்டினார். "ஞானம் எழுதிட்டாம்னா அது கெஜட்டுல வந்த மாதிரிலா. அவன் பொய் எழுதுவானா?"

எழுத மாட்டாய்தானே? நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு டிக்கெட்டுக்குச் சரி சொல்லிவிட்டேன். நவம்பர் 20, வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம். டிசம்பர் 5 சனிக்கிழமை திரும்பிவிடுவோம். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்குள் எழுது. நான் வேறெதையும் கேட்கவில்லை.

அக்கா

*

ஐசலின்
18 நவம்பர் 1998, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு இன்றைக்குத் தகுதியில்லை. நேரே சொல்கிறேன்.

சிப்பிக்கரையில் டாக்டர் கிடையாது. ஆக்சிஜன் கிடையாது. போனும் கிடையாது. குடில்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, சாப்பாடும் சரிதான். மருத்துவ அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே டெல்லியில் கண்காணிப்புப் பிரிவில் இருக்கும் கோபாலசாமிக்கு எழுதினேன். ஆகஸ்டில் அவர் பதில் வந்துவிட்டது. மந்திரிக்கு அந்த ஒரு தேதிதான் ஒழிந்ததாம். சுவர் மட்டும் எழுப்பி, வெள்ளையடித்து, ரிப்பன் வெட்டிவிட்டார்கள். டாக்டர் வேலைக்கு இன்னும் உத்தரவே வரவில்லை. ஏழாம் கட்டத்தில் தேதி விழுந்தது, அதனால் பாரத்தில் அந்த வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லும் கட்டம் என் பாரத்தில் இல்லை.

எங்கள் ஆபீஸ் மேலதிகாரி சேனாபதி சாரிடம் போய் நின்றேன். "தொறப்பு விழா நடந்ததா இல்லையா? நடந்தது. அப்ப தொறந்தாச்சு. பூட்டுனதுக்கு உன் பாரத்துல கட்டம் இருக்காய்யா?" என்றார். நான் ஃபைலை மூடிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

வேலைக்குப் பயந்து மறைத்தேன் என்று சொன்னால் பாதி நிஜம். மீதியை உன்னிடம்தான் சொல்ல முடியும். அது என் கட்டம் அக்கா. நான் கண்டுபிடித்தது. அது தப்பு என்று என் கையால் எழுத எனக்கு வரவில்லை. அதனால் மழை, மார்ச், கொடைக்கானல் என்று சுற்றினேன். உனக்குச் சொன்ன தேதி பொய்யில்லை, அதுதான் அதில் இருக்கிற அயோக்கியத்தனம்.

நேற்று மாலை போன் பண்ணினேன். ஜோவானா எடுத்தாள். நீயும் அத்தானும் சூட்கேஸ் எடை போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "ஹாவ் எ சேஃப் ட்ரிப்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதை இன்றைக்குத் தபாலில் போட்டால் சனிக்கிழமையோ திங்கட்கிழமையோதான் உனக்கு வரும். நீங்கள் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுவீர்கள். அது தெரிந்துதான் போடுகிறேன். இதைவிட வேறு என்ன எழுதுவது?

ஞானம்

*

ஐசலின்
13 டிசம்பர் 1998, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஐந்தாம் தேதியே திரும்பியிருக்க வேண்டும். எட்டு நாளாகிவிட்டது. அத்தான் சுகமாக இருக்கிறாரா?

ரெபெக்கா மூன்று முறை போன் பண்ணினாள். மூன்று தடவையும் ஜோவானா எடுத்து, "அம்மா இஸ் ஸ்லீப்பிங்" என்றாள். அத்தானைக் கேட்டால், "ஹீ இஸ் ரெஸ்டிங்" என்றாளாம். பகல் பதினோரு மணிக்கு ஏன் படுத்திருக்கிறார்? ரெபெக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. "மைனிக்கு நம்ம மேல என்ன கோவம்?" என்று அவள் என்னைக் கேட்கிறாள்.

ரயிலில் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய ஸ்டேஷன் தவறிப்போகிறது. தபால் பெட்டியை ஒரு நாளைக்கு நாலு தடவை திறக்கிறேன். தபால்காரர் ஒரு தடவைதான் வருவார் என்று தெரிந்தும் திறக்கிறேன். நீ திட்டி எழுது. ஒரு வரி போதும். அத்தான் நன்றாக இருக்கிறார் என்று மட்டும் எழுதிவிட்டு, அதற்குக் கீழே என்ன வேண்டுமானாலும் எழுது.

ஞானம்

*

பிளானோ
27 டிசம்பர் 1998, ஞாயிறு

ஞானத்துக்கு,

அத்தான் உயிரோடிருக்கிறார். நன்றாகவும் இருக்கிறார். முதலில் அதைப் படித்துக்கொள்.

சிப்பிக்கரைக்கு 25ஆம் தேதி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் இவர்களுக்கு தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. வான்கோழிக்குப் பதிலாக வஞ்சிர மீன் என்று அத்தான் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கரையில் நடந்து வந்தவர், சட்டென்று மணலில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடிக்கவில்லை, தாடையைப் பிடித்தார். இருதய வலிதான் அங்கே ஏறுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனாலும் நான் கலங்கவில்லை. மருத்துவ அறை நூறு அடியில் இருந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் பெரிய கல்வெட்டு, அதில் காய்ந்த மாலை. கதவில் பூட்டு. காவல்காரர் பிச்சுமணி ஓடி வந்தார். "டாக்டர் எங்கே?" என்றேன். "டாக்டரா? தொறப்பு விழாவுக்குப் பொறவு இத யாருமே தொறக்கலியேக்கா" என்றார். ஒத்தச் சாவிதான் இருக்கிறது என்று இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். நானே திறந்தேன். உள்ளே சுருட்டி வைத்த சிவப்புக் கம்பளமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். ஓரத்தில் ஒரு கட்டில் இருந்தது, அதற்குச் சுற்றிய பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை. அதன்மேலேயே அவரைப் படுக்க வைத்தேன். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அந்தப் பாலிதீன் சரசரத்தது. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

என் கைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருந்தது. அதுதான் அந்த மருத்துவ அறையின் மொத்த மருந்து. வேன் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயில் பார்க்கப் போயிருந்தது. திரும்பி வர ஒரு மணி பத்து நிமிஷம். ஜோவானா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் தமிழில் கேட்டாள்: "அப்பா செத்துருவாங்களாம்மா?"

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அட்டாக் இல்லை, அதற்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்டது என்றார்கள். கர்த்தர் நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்த பிறகு, நிறுத்தி வைத்திருந்த தபாலையெல்லாம் போஸ்ட் ஆபீசிலிருந்து வாங்கினேன். உன் கடிதம் இருந்தது. முதலில் உறையின் முத்திரைத் தேதியைத்தான் பார்த்தேன். அப்புறம் இருபது நாள் எனக்கு உன்னோடு பேச்சில்லை.

அதை அத்தானிடம் காட்டவில்லை. "ஞானத்துக்கே தெரியாம ஏமாத்திப்புட்டானுவளே, பாவம் பய எப்பிடித் துடிப்பான்! அவன்ட்ட ஒண்ணும் சொல்லாத" என்று நாளைக்கு ஒரு தடவையாவது சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன். முப்பது வருஷமாக உன்னைச் சுமக்கிறேன், இப்போது இதையும் சுமக்க வைத்துவிட்டாய்.

ரெபெக்காவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்.
ஜெயகுமாரி

*

ஐசலின்
31 ஜனவரி 1999, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் நடக்கிறாரா? உப்பு குறைத்திருக்கிறாரா? உன் உடம்பையும் பார்த்துக்கொள். இங்கே முழங்கால் வரை பனி. உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். அந்தச் சரசரப்பு எனக்கும் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

இப்போது எழுதுவது வேறு காரணத்துக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான முன்னேற்ற அறிக்கை போன வாரம் டெல்லியிலிருந்து வந்தது. நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் அடுத்த விளம்பரத் தாள் அச்சுக்குப் போகும். சிப்பிக்கரை வரியில் இப்படி இருக்கிறது:

"மருத்துவ அறை: இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. இக்காலாண்டில் பயன்பெற்ற வெளிநாட்டவர்: 1."

அந்த ஒன்று அத்தான். அவர் அமெரிக்க சிட்டிசன் அல்லவா, அதனால் வெளிநாட்டவர் கணக்கில் வருகிறார். அவர் பாலிதீன்மேல் கிடந்ததைச் சாதனையாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சேனாபதி சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, வேலை செய்யுது! கையெழுத்துப் போடு. உன் எக்ஸ்டென்ஷன் ஃபைல் மேஜை மேலதான் இருக்கு" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. சான்டா கிளாராவிலிருந்து ஆட்ரியன் என்று ஒருவர் போன் பண்ணினார். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து, தங்களைப் பார்க்க வந்த பெற்றோர்களுக்கு ஈஸ்டர் முடிந்ததும் ஊரில் ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்கிறார்களாம். இருபத்திரண்டு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். உங்கள் குழு போன இடம் என்பதால் சிப்பிக்கரைதான் வேண்டுமாம். "அங்க மெடிக்கல் ரூம் நிஜமாவே வொர்க் பண்ணுதா சார்? அது ஒண்ணுதான் எங்க கவலை" என்றார். "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். உன்னிடம் மழை, மார்ச் என்று மழுப்பின அதே வாய்தான் இதையும் சொன்னது.

மறுத்து எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். உன் வார்த்தைக்கு என்ன ஆதாரம் என்பார்கள். அக்கா சொன்னாள் என்று பாரத்தில் எழுத முடியாது. என்ன செய்ய, சொல்லு.

ஞானம்

*

பிளானோ
7 பிப்ரவரி 1999, ஞாயிறு

ஞானத்துக்கு,

சுகம். அத்தான் தினமும் இரண்டு மைல் நடக்கிறார்.

ஆதாரம் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு அந்த அறையைத் திறந்த சாவியைக் கைப்பையில் போட்டவள், அப்படியே மறந்துபோனேன். இங்கே வந்து பையைக் கொட்டும்போதுதான் பார்த்தேன். தகரத் துண்டில் "மருத்துவ அறை" என்று ஆணியால் கீறியிருக்கிறது. யாராவது கேட்டு எழுதுவார்கள், அனுப்பலாம் என்று சமையலறை டிராயரில் போட்டு வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்த அறைக்கு இருப்பது ஒத்தச் சாவி, அது நவம்பர் 26ஆம் தேதியிலிருந்து என்னிடம் இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் எந்தக் கதவைத் திறக்கிறார்களோ!

இத்துடன் ரிஜிஸ்தர் தபாலில் வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் வயசு முப்பத்தெட்டு.

அக்கா

*

ஐசலின்
14 மார்ச் 1999, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் ரெபெக்காவும் நலம். ரெபெக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் டிபனை வைத்துவிட்டு, "இத மொதல்லயே மைனிக்குச் சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

சாவி வந்து சேர்ந்தது. ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போய் வந்தேன். அடுத்த வியாழக்கிழமை ஆட்ரியனுக்குப் போன் பண்ணி, சிப்பிக்கரையில் டாக்டர் இல்லை, அறை பூட்டிக் கிடக்கிறது, பெரியவர்களை அனுப்பாதீர்கள் என்றேன். நன்றி சொன்னார். "நீங்க யாரு சார், பேரு என்ன?" என்று கேட்டார். பெயர் சொன்னேன்.

பிறகு அறிக்கையை எடுத்து, சிப்பிக்கரை வரியை ஏழாம் கட்டம் முதல் கடைசி வரை சிவப்பு மையால் அடித்தேன். குறிப்புப் பகுதியில் எழுதினதை உனக்கு அப்படியே தருகிறேன்:

"இந்த அறை இயங்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரே ஒரு முறை திறக்கப்பட்டது. திறந்தவர் பயணியாக வந்த ஒரு நர்ஸ். பயன்பெற்றதாகக் காட்டப்பட்ட ஒருவர் என் அத்தான். அறையில் டாக்டர் இல்லை என்று மூன்று மாதம் முன்பே அறிந்தும் அவரை அங்கே போகவிட்டவன் நான். திறப்பு விழா தேதியை வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கொண்டது இந்தப் பாரத்தின் பிழை. பாரத்தை அமைத்தவனும் நானே. நவம்பர் 26 முதல் இந்த அறையின் ஒரே சாவி அந்த நர்ஸின் கைப்பையிலும், பிறகு டெக்சாஸ் மாநிலத்திலும் இருந்தது. சாவி இணைக்கப்பட்டுள்ளது."

சேனாபதி சார் சாவியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இத எந்த ஃபைல்லய்யா வைக்கிறது?" என்றார். நல்ல கேள்விதான். அறிக்கை டெல்லிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அங்கிருந்து ஃபாக்ஸ் வந்தது. ஏப்ரல் முதல் தேதிக்குள் நான் திரும்பிப் போக வேண்டும். அங்கே என்ன வேலை என்று எழுதவில்லை. ரெபெக்கா டேகேரில் சொல்லிவிட்டாள், அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் அழுகிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் ரயிலில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறேன்.

டெல்லிக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. முகம் தெரியாதவர்களிடம் குற்றத்தை ஒத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? என்னைப் பாவம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனிதருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நவம்பர் 18ஆம் தேதிக் கடிதத்தை அத்தான் கையில் கொடுத்துவிடு. உறையோடு கொடு, முத்திரைத் தேதியையும் அவர் பார்க்கட்டும். படித்துவிட்டு அவருக்கு எப்போது பேச வேண்டும் என்று தோன்றுகிறதோ, அப்போது போன் பண்ணச் சொல்.

நான் எடுப்பேன்.

உன் தம்பி,
ஞானம்